தண்ணீர் ஓடிப் பார்த்த பிறகே கையொப்பம்

கட்டடமும் தண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பசுமைக் கட்டடங்களின் மழைநீர்ச் சேகரிப்புப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டுவதைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டி முடித்ததை எப்படி இயக்கிப் பார்த்து வாங்குவது என்றே கேட்டிருந்தன. தளத்தில் நாங்கள் கமிஷனிங் என்று சொல்லும் வேலை அது. கொழும்பில் நான் பார்த்தவரை, அவசரம் என்று வந்தால் முதலில் கைவிடப்படுவதும் அந்த வேலைதான். எனவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: வெள்ளவத்தையில் ஒன்பது மாடித் தொடர்மாடி ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறோம். கட்டிய கம்பனி அடுத்த மாதம் பொதுப் பகுதிகளை எங்கள் முகாமைத்துவக் குழுவிடம் ஒப்படைக்கப் போகிறது. நான் குழுவின் பொருளாளர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். "மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் போட்டாச்சு" என்கிறார்கள். நிலக்கீழ்த் தளத்தில் தாங்கியும் இருக்கிறது, பம்பும் இருக்கிறது. கையொப்பம் போடுவதற்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஐயா, தாங்கியும் பம்பும் இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். இனி அவை வேலை செய்வதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். அதில் எல்லாவற்றுக்கும் முதலாகப் பார்க்க வேண்டியது ஒரு சின்னப் பொருள்: தாங்கிக்குள் இருக்கும் மிதவை.

விஷயம் இதுதான். கூரையில் விழும் மழை பீலி வழியாகவும் இறங்கு குழாய் வழியாகவும் வந்து, வடியில் வடிந்து, கீழ்த் தாங்கியில் சேர்கிறது. அங்கிருந்து பம்ப் அதை மேலே ஏற்றும். அந்தத் தண்ணீர் கழிவறைகளுக்கும் தோட்டத்துக்கும் போகும். மழை இல்லாத நாட்களில் கழிவறை நின்றுபோகக் கூடாது என்பதற்காக வோட்டர் போர்ட் தண்ணீரையும் அதே தாங்கிக்கு ஒரு குழாயில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். அந்தக் குழாயைத் திறப்பதும் மூடுவதும் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவைதான். மழைத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கினால் மட்டுமே அந்தக் குழாய் திறக்க வேண்டும். ஒரு நாள் தேவைக்கு அளவான தண்ணீரை விட்டதும் அது மூடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிளம்பர்மாரின் கைப்பழக்கம் வேறு. சாதாரண நிலத்தாங்கியில் மிதவையை உச்சியில் வைத்து, எப்போதும் நிரம்பியிருக்கும்படிதான் அவர்கள் பொருத்துவார்கள். கட்டுமானக் காலத்தில் மழைக்குழாய் இணைத்திருக்காது, கழிவறைகளைச் சோதிக்கத் தண்ணீர் வேண்டும், அதனால் உச்சியில் கட்டிவிடுவார்கள். பிறகு அதைக் கீழே இறக்க ஒருவருக்கும் ஞாபகம் வராது. விளைவு என்ன? தாங்கி நாள் முழுக்க குழாய்நீரால் நிறைந்திருக்கும். மழை வரும்போது உள்ளே இடமிருக்காது. வந்த மழை அப்படியே வழிந்து கானுக்குப் போகும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்: தாங்கி நிறைந்திருக்கிறது, பம்ப் ஓடுகிறது, கழிவறையில் தண்ணீர் வருகிறது. மாத பில் மட்டும் குறையாது. இதே நிலையில் வருடக்கணக்காக ஓடிய கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். இது நடந்தால் மழைநீர்ச் சேகரிப்புக்குச் செலவழித்த காசு முழுதும் வீண்.

ஆகவே தாங்கியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், டோர்ச் அடித்துப் பாருங்கள். பம்பை ஓடவிட்டுத் தண்ணீரை இறக்கச் சொல்லுங்கள். குழாய்நீர் எந்த மட்டத்தில் திறக்கிறது, எந்த மட்டத்தில் மூடுகிறது என்று சுவரில் இரண்டு கோடு போட்டு வையுங்கள். இரண்டு கோடும் அடியில் இருந்தால் நல்லது. மேல் கோடு தாங்கியின் கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் கையொப்பம் வேண்டாம்.

அதே இடத்தில் நின்று இன்னொன்றையும் பாருங்கள். குழாய்நீர் வந்து விழும் வாய், தாங்கியின் வழிவு மட்டத்துக்கு மேலே, நடுவில் காற்று இடைவெளியோடு முடிய வேண்டும். இடைவெளி குழாயின் உள்விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், எப்படியும் 20 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. வாய் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால், வீதிக் குழாயில் அழுத்தம் விழும் நேரத்தில் உங்கள் தாங்கித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊர்க் குடிநீரில் கலக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது சாயச் சோதனை. மழைநீர்த் தாங்கியில் உணவுக்குப் போடும் நிறத்தைக் கலந்து, பம்பை ஓட்டி, கட்டடத்தின் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்ப்பது. நிறம் கழிவறைத் தொட்டியிலும் தோட்டக் குழாயிலும் மட்டுமே வர வேண்டும். எங்காவது ஒரு சமையலறைக் குழாயிலோ ஷவரிலோ இளநிறமாகத் தெரிந்தாலும் சுவருக்குள் இரண்டு குழாய்களை யாரோ மாற்றி இணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒன்பது மாடியில் ஒரே ஒரு வீட்டில் நடந்தாலும் அந்த வீட்டுக் குழந்தை அதைத்தான் குடிக்கும். "மாதிரிக்கு இரண்டு மாடி பார்த்தோம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். எல்லா வீட்டையும் திறந்து பார்க்க வேண்டும். ஆட்கள் குடிவருவதற்கு முன் செய்தால் ஒரு நாள் வேலை, வந்த பிறகு செய்தால் பெரும்பாடு.

தாங்கி கசிகிறதா என்பதற்கு முறையான சோதனை உண்டு. கொங்கிறீட் தாங்கியை நிரப்பி, சுவர் உறிஞ்ச வேண்டியதை உறிஞ்ச ஏழு நாளாவது விட்டு, அதன்பிறகு இன்னும் ஏழு நாள் மட்டத்தை அளப்பார்கள். இறக்கம் ஆழத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 10 மில்லிமீற்றரையும் தாண்டக் கூடாது. அளந்த தாளை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக மீற்றர். குழாய்நீர் வரும் வழியில் ஒன்று, பம்ப் வெளியே தள்ளும் வழியில் ஒன்று, இரண்டு வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மழை உங்களுக்குத் தந்தது எவ்வளவு என்று வரும். வங்கியில் இருந்தவர் நீங்கள், மாதாமாதம் அதை எழுதி வைக்க உங்களை விடப் பொருத்தமானவர் குழுவில் இருக்க மாட்டார்.

கேள்வி: அக்கா, நான் மொறட்டுவையில் படித்து முடித்து ராஜகிரியவில் ஒரு அலுவலகக் கட்டடத் தளத்தில் வேலை செய்கிறேன். பெப்ரவரிக்குள் ஒப்படைக்க வேண்டும். மழை இல்லை. "மழை இல்லாமல் எதைச் சோதிப்பது, தாளில் டிக் போட்டுக் கொடு" என்கிறார் மேலாளர். கூரை 400 சதுர மீற்றர். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மழையை நீங்களே கொண்டுவரலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். உங்கள் கூரையில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் 400 லீற்றர். மணிக்கு 60 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் கொட்டும் ஒரு மழை, நிமிடத்துக்கு 400 லீற்றர். பம்ப் உள்ள ஒரு பவுசரைக் கூப்பிட்டால் அந்த அளவைக் கொடுக்க முடியும். 6,000 லீற்றர் பவுசர் ஒன்று உங்களுக்குக் கால் மணி நேர அடைமழை.

ஊற்றும் இடம் முக்கியம். இறங்கு குழாயின் வாயில் நேரே ஊற்றினால் பீலியைச் சோதித்ததாகாது. பீலியின் தூர முனையில் ஊற்றி, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூட்டில் சொட்டுகிறது, எந்த இடத்தில் விளிம்பைத் தாண்டுகிறது என்று ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். இன்னொருவர் கீழே வடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மெதுவாக வரும் தண்ணீரை ஒழுங்காக உள்ளே விடும் வடி, வேகமாக வரும்போது பெரும்பகுதியைக் கானுக்குத் தள்ளிவிடுவதுண்டு. தாளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி கணக்கு. உங்கள் தாங்கியின் அடிப்பரப்பு 10 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மட்டம் ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் 100 லீற்றர். 4,000 லீற்றரை மேலே ஊற்றுகிறீர்கள். அழுக்கான முதல் நீரைப் பிரித்து வைக்கும் குழாய் அதில் 400 லீற்றரை எடுத்துக்கொள்ளும் என்றால், மீதி 3,600 லீற்றர் தாங்கியில் 36 சென்ரிமீற்றராக ஏற வேண்டும். வடி கொஞ்சம் தள்ளிவிடும், பீலியும் ஈரமாகும், அதனால் 32, 33 வந்தால் பேசாமல் விடலாம். 20 தான் ஏறியது என்றால் 1,600 லீற்றர் எங்கேயோ போயிருக்கிறது. அது எங்கே என்று தெரியும்வரை தளத்தை விட்டுப் போகாதீர்கள். தாங்கிக்குள் ஓர் அளவுகோலைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். எந்த மேலாளரும் அந்தப் படத்தோடு வாதாட மாட்டார்.

தாங்கி நிரம்பிய பிறகும் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். வழிவுக் குழாய் அந்த வேகத்தைத் தாங்குகிறதா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். உள்ளே வரும் குழாய்க்குக் குறைந்த விட்டத்தில் வழிவுக் குழாய் இருந்தால் தண்ணீர் மூடியைத் தூக்கிக்கொண்டு பம்ப் அறைக்குள் வரும். கொழும்பு மழையை லேசாக நினைக்க வேண்டாம். 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த நகரம் இது. அப்படி ஒரு நாளில் உங்கள் கூரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் லீற்றர் இறங்கும். எந்தத் தாங்கியும் அதைப் பிடிக்காது, வழிவுக் குழாய்தான் கட்டடத்தைக் காப்பாற்றும். ராஜகிரியவில் கால்வாய் பெருகினால் கானும் பெருகும். வழிவுக் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா, அது உண்மையில் மூடுகிறதா என்பதைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

பம்பையும் இரண்டு விதத்தில் வருத்திப் பாருங்கள். பம்பை நிறுத்தும் கீழ் மிதவையைக் கையால் தூக்கி இறக்கி, தண்ணீர் இல்லாதபோது மோட்டர் தானே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிரதான மின்னை அணைத்துத் திரும்பப் போட்டு, ஒருவரும் கைவைக்காமல் எல்லாம் வழமைக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் உண்மையான மழைக்கு அது ஈடாகாது என்பதும் சரி. காற்றோடு வரும் மழை, சருகோடு வரும் மழை, இவற்றைப் பவுசரால் காட்ட முடியாது. அதனால் படிவத்தில் சோதித்ததற்கு மட்டும் டிக் போடுங்கள், மீதிக்கு "மழையில் சோதிக்கப்படவில்லை, ஏப்ரல் – மே மாதங்களில் சோதிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். பருவத்துக்காகத் தள்ளிவைக்கும் சோதனை என்பது கமிஷனிங் நடைமுறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று, வெட்கப்பட எதுவுமில்லை. அது முடியும்வரை ஒப்பந்தக்காரரின் பிடித்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை விடாமலிருக்க உரிமையாளரிடம் சொல்லுங்கள். மேலாளர் கோபப்படலாம். உங்கள் பெயர் அந்தத் தாளில் இருக்கப் போகிறது, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகக் கட்டடம் திறந்து ஆறு மாதம். கழிவறைகளில் மஞ்சளாகத் தண்ணீர் வருகிறது, நாற்றமும் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் முறைப்பாடு செய்ததால் மழைநீர் வால்வை மூடிவிட்டு முழுக்கக் குழாய்நீரில் ஓட்டுகிறோம். திரும்பத் திறக்க வழி உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. முதலில் எந்த மஞ்சள், எந்த நாற்றம் என்று பிரித்தறிய வேண்டும். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அந்தத் தண்ணீரை எடுத்து அசையாமல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்தால், தாங்கியின் அடிச்சேறு கலங்கி மேலே வருகிறது. தெளியாமல் தேநீர் நிறத்திலேயே நின்றால் அது சருகு ஊறிய சாயம், அல்லது கூரையில் பூசிய தார் வகைப் பூச்சிலிருந்து இறங்குவது.

சேறு கலங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. மழைநீர் தாங்கிக்குள் மேலிருந்து நேரே கொட்டுகிறது. குழாயை அடிவரை இறக்கி, வாயை மேல்நோக்கித் திருப்பினால் தண்ணீர் அமைதியாக வந்து சேரும். மற்றது, பம்ப் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. மிதக்கும் பந்தில் தொங்கும் உறிஞ்சுக் குழாயை மாட்டினால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயுள்ள தெளிந்த நீர்தான் போகும். இரண்டும் வரைபடத்தில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன், எடுத்துப் பாருங்கள். செலவைக் குறைக்கத் தளத்தில் விட்டுவிடும் சாமான்களில் இவை முதலிடம்.

நாற்றம் அழுகிய இலை நாற்றமா, கான் நாற்றமா? இலை நாற்றம் என்றால் முதல் நீரைப் பிரிக்கும் குழாயின் சின்ன வடிதுளை அடைத்திருக்கும். அது காலியாகாததால் அடுத்த மழையின் அழுக்கு முழுதும் தாங்கிக்குள் போகிறது. கான் நாற்றம் என்றால் வழிவுக் குழாயைக் கொண்டுபோய் மலசலக் கழிவுக் குழாயோடு இணைத்திருக்கிறார்களா என்று உடனே பாருங்கள். அப்படி இருந்தால் முழுத் தாங்கியையும் இறைத்து, கழுவி, கிருமிநீக்கி, இணைப்பைப் பிரித்த பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். திறக்கும்போது சாயச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். ஆறு மாதத்துக்குள் யார் யார் எந்தக் குழாயை மாற்றினார்கள் என்று தெரியாதல்லவா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். எங்கள் புதிய தொடர்மாடியில் மழைநீர்த் தாங்கி இருப்பதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என் மூத்த மகனுக்கு 2017இல் டெங்கு வந்து படாத பாடு பட்டோம். நுளம்பு பெருகாதா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதை மறந்துவிட்டு யாரும் தாங்கி கட்டக் கூடாது. ஒழுங்காக மூடிய தாங்கியில் நுளம்பு பெருகாது. நுளம்பு உள்ளே போகும் வழிகள் மூடியின் இடுக்கு, காற்றுக் குழாய், வழிவுக் குழாயின் வெளிவாய். இந்த மூன்றிலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் சாதாரண இரும்பு வலை நீண்ட நாள் நிற்காது.

ஆனால் தாங்கியை விட எனக்குக் கவலை தருவது பீலியும் முதல் நீர்க் குழாயும்தான். சரிவு பிழைத்த பீலியில் நாலு விரல் அகலத்துக்குத் தண்ணீர் நின்றாலே போதும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். ஆகவே மழை விட்ட மறுநாள் யாராவது மேலே ஏறி, பீலி காய்ந்திருக்கிறதா, முதல் நீர்க் குழாய் காலியாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பீலியின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி இது இடத்துக்குப் பொறுப்பானவர்களின் கடமை. உங்கள் குழுவிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சுகாதாரப் பரிசோதகர் வரும்போது தாங்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் பழைய வீட்டை இடித்து நான்கு மாடி கட்டுகிறோம். கூரை 300 சதுர மீற்றர் வரும், நாற்பது பேர் இருப்பார்கள். மேசன் பாஸ் ஒரு இலட்சம் லீற்றர் தாங்கி கட்டச் சொல்கிறார். தேவையா?

பதில்: தேவையில்லை. கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் பெய்கிறது. நூற்றுக்கு எண்பது பங்கு கைக்கு வரும் என்று எடுத்தால் உங்கள் கூரை ஆண்டுக்கு 5,76,000 லீற்றர் தரும். கழிவறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லீற்றர் என்றால் நாற்பது பேருக்கு 1,200, ஆண்டுக்கு 4,38,000. வரவும் தேவையும் இரண்டில் எது குறைவோ அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 18 நாள் பாவனை என்பது பல நாடுகளில் எடுக்கும் எளிய அளவு. உங்களுக்கு அது 22,000 லீற்றர் அளவில் வரும்.

நமக்கு இரண்டு மழைக்காலம். மே, ஒக்டோபர், நவம்பரில் தாங்கி அடிக்கடி நிரம்பும். ஜனவரி, பெப்ரவரியில் எவ்வளவு பெரிய தாங்கியும் இறங்கிவிடும். மிகப் பெரிய தாங்கியில் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கிக் கெடும், நிலத்தின் பெறுமதியும் போகும். மிச்சப்படும் காசில் நல்ல வடியும் இரண்டு மீற்றரும் வாங்குங்கள்.

கேள்வி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? அநுராதபுரத்தில் என் தங்கை வீட்டில் மழைநீரைத்தான் குடிக்கிறார்கள். (தெஹிவளை வாசகி)

பதில்: கட்டடத் தாங்கியிலிருந்து வேண்டாம். காகமும் புறாவும் இருக்கும் கூரை, காலி வீதி வாகனங்களின் புகை படியும் கூரை. சிறுநீரக நோய் உள்ள வரண்ட பிரதேசங்களில் கிணற்று நீரை விட மழைநீர் மேல் என்பதால் குடிக்கிறார்கள். அங்கே அதற்கென்று சுத்தமாக வைத்த கூரை, மூடிய தனித் தாங்கி. உங்கள் தங்கை குடிப்பது சரி. உங்களுக்கு அம்பத்தளையில் சுத்திகரித்த நீர் குழாயில் வருகிறது, அதையே குடியுங்கள்.

கேள்வி: பசுமைச் சான்று கிடைத்துவிட்டால் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்றுதானே பொருள்? (கிருலப்பனை வாசகர்)

பதில்: இல்லை. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது, 2009இல் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கின. சட்டம் கேட்பது தாங்கி இருக்க வேண்டும் என்பதை. இலங்கை பசுமைக் கட்டடப் பேரவையின் மதிப்பீடானாலும் அமெரிக்கப் பசுமைச் சான்றான லீட் (LEED) ஆனாலும் புள்ளிகள் பெரும்பாலும் வரைபடத்தையும் கணக்கையும் ஆவணங்களையும் வைத்துத்தான் வருகின்றன. லீட்டின் நான்காம் பதிப்பில் கட்டடத்துக்கு நீர் மீற்றர் வைத்து ஐந்து ஆண்டு அளவுகளைப் பகிர வேண்டும் என்பது முன்நிபந்தனை. அது நல்ல விஷயம். ஆனால் உங்கள் தாங்கியின் மிதவை எங்கே நிற்கிறது என்று உங்களுக்காக யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்தவன். நாரஹேன்பிட்டியில் ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலை. ஒப்படைத்தபோது எனக்கு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் தந்தார்கள், ஒரு வால்வையும் காட்டித் தரவில்லை. மழைநீர் அமைப்புக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொல்லித் தருவீர்களா, அக்கா?

பதில்: தம்பி, வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமானது உங்களுடையதுதான். இயக்கப் போகிறவருக்குக் காட்டித் தராமல் போன கமிஷனிங்கை நான் முடிந்ததாகவே ஏற்பதில்லை. உங்கள் முகாமையாளரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, குழாய் வேலை செய்த பிளம்பரை அரை நாள் திரும்ப வரவழைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஓராண்டு குறைதீர் காலம் உண்டு, அது முடியுமுன் கேட்டால் அவர்கள் வந்தாக வேண்டும். அவர் வந்ததும் ஒவ்வொரு வால்வையும் அவரையே திறந்து மூடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு கட்டி இலக்கம் போடுங்கள், எது எதற்கு என்று உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதி பம்ப் அறைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்து வருபவருக்காகச் சிங்களத்திலும் எழுதி வைத்தால் நல்லது. மழைநீர்க் குழாய்கள் எல்லாவற்றிலும், தோட்டக் குழாயின் வாயிலும் "மழைநீர் – குடிக்க வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் இருக்க வேண்டும்.

பெரிய மழை ஒன்று பெய்தால் மறுநாள் காலை வடியைத் திறந்து சருகை எடுங்கள். பக்கத்தில் மாரா மரமோ மாமரமோ இருந்தால் வாரம் ஒருமுறை. நீண்ட வெயிலுக்குப் பிறகு, மழை தொடங்குமுன் கூரையையும் பீலியையும் கூட்டிக் கழுவி, முதல் நீர்க் குழாயின் வடிதுளையில் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். மாதம் ஒருமுறை கீழ் மிதவையைத் தூக்கி இறக்குங்கள். வருடம் ஒருமுறை தாங்கியின் அடிச்சேற்றை ஆழம் பாருங்கள். தாங்கிக்குள் ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள், மூடிய தாங்கிக்குள் காற்று கெட்டிருக்கும். மூடியைத் திறந்து காற்றுப் போகவிட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். "சும்மா இறங்கு" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஒரு கொப்பியில் மூன்று பத்தி போடுங்கள்: திகதி, குழாய்நீர் மீற்றர், பம்ப் மீற்றர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் எழுதுங்கள், அந்த வாரம் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நல்ல மழை பெய்த வாரத்தில் குழாய்நீர் மீற்றர் ஓடியிருந்தால் பெரும்பாலும் மிதவை உச்சியில் இருக்கும். வெள்ளவத்தை ஐயாவுக்கு எழுதிய பதிலைப் பார்த்து அதைக் கீழே இறக்குங்கள். மீற்றரே இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், உங்கள் முகாமையாளருக்கு என்ன எழுதிக் கேட்பது என்று வரைந்து அனுப்புகிறேன்.